பால் மானியம் சேருமிடம்

பசு எருமைகளை வைத்துப் பால் கறந்து ஜீவிக்கும் குடியானவர்களுக்குச் சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து பண உதவி செய்வது இக்காலத்தில் பல தேசங்களிலும் பரவியுள்ள வழக்கமாகும். பாலின் கிரயம் இறங்கிவிட்டதென்று குடியானவர்கள் முறையிடும்போதெல்லாம், லிட்டர் ஒன்றுக்கு இவ்வளவு என்றோ, மாடு ஒன்றுக்கு இவ்வளவு என்றோ ஒரு தொகை விளம்பரமாகிறது. அத்தொகை போதுமா, போதாதா என்பதைப் பற்றி வாதங்கள் நிகழ்கின்றன. முடிவில் அது யாருடைய கையில் தங்குகிறது என்பதை விசாரிப்பவர் சிலரே. தலைமடையில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்து சேருமுன் எத்தனை இடங்களில் கசிந்துபோகிறது என்பதை அநுபவத்தால் அறிந்துள்ள விவசாயிகளுக்கு இவ்விசாரணையின் அவசியத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மானியம் என்ற சொல் முற்காலத்தில் கோவில் பணிக்கும் கிராம ஊழியத்துக்கும் தீர்வையில்லாமலோ, குறைந்த தீர்வைக்கோ விடப்பட்ட நிலத்தைக் குறித்து வழங்கியது. அந்நிலம் கண்ணுக்குத் தெரியும். அதற்கு எல்லைக்கல் உண்டு. அதை அநுபவிப்பவர் இன்னார் என்பது ஊரறிந்த விஷயம். பாலுக்காகக் கொடுக்கப்படும் ரூபாய்க்கு எல்லைக்கல் கிடையாது. அது குடியானவன் பெயரால் புறப்பட்டு, வழியில் வேறொருவர் வீட்டில் தங்கிவிடுதல் மிகவும் எளிது. அவ்வாறு தங்குவதற்கு மோசடி நடக்க வேண்டுமென்பதும் இல்லை. சட்டப்படியும் கணக்குப்படியும் எல்லாம் ஒழுங்காக இருக்கும்போதே இது நேரிடலாம் என்பதுதான் கவனிக்கத் தக்கது.

இதற்குச் சமீபகாலத்து உதாரணம் மகாராஷ்டிரத்தில் கிடைக்கிறது. 2018-ம் வருஷம் ஜூலை மாதத்தில் அவ்விராஜ்யத்தில் பால் கிரயம் மிகவும் தாழ்ந்துபோய்க் குடியானவர்கள் பாலைச் சாலையில் கொட்டிக் கிளர்ச்சி செய்தார்கள். அப்போது சர்க்கார் லிட்டருக்கு 5 ரூபாய் மானியம் அளிக்க இசைந்தனர். அப்பணம் பாலை வாங்கும் நிலையங்களுக்குக் கொடுக்கப்பட்டது. வாங்குகிறவர்கள் குடியானவனுக்கு லிட்டருக்கு 25 ரூபாய் தரவேண்டும் என்பது நிபந்தனை. பின்னர் 2024-ம் வருஷத்தில் இம்முறை மாற்றப்பட்டு, மானியம் நேராகக் குடியானவனுடைய பாங்கிக் கணக்கிலேயே சேர்க்கப்பட்டது. இது திருத்தமான ஏற்பாடு என்பதில் சந்தேகமில்லை. அவ்வருஷம் ஜூலை மாதம் முதல் பாலை வாங்குகிறவர்கள் லிட்டருக்கு 30 ரூபாயும், சர்க்கார் 5 ரூபாயும் கொடுக்க, குடியானவனுக்கு 35 ரூபாய் கிடைத்தது. அக்டோபர் மாதம் முதல் மானியம் 7 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதே சமயத்தில் வாங்குகிறவர்கள் கொடுக்க வேண்டிய தொகை 28 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. இரண்டையும் கூட்டினால் அதே 35 ரூபாய்தான். சர்க்காருக்கு லிட்டர் ஒன்றுக்கு 2 ரூபாய் செலவு ஏறிற்று. மாட்டைக் குளிப்பாட்டித் தீனி வைத்துக் கறந்தவனுக்கு ஒரு சல்லியும் ஏறவில்லை.

இதில் வாங்குகிறவர்கள்மேல் முழுப் பழியையும் சுமத்துவது நியாயமன்று. அக்காலத்தில் பால்பொடியின் கிரயம் வெகுவாக இறங்கியிருந்தது. அந்த இரண்டு ரூபாய் இல்லாவிட்டால் குடியானவனுடைய 35 ரூபாயும் 33 ஆகச் சுருங்கியிருக்கலாம். எனினும், பணம் குடியானவனுடைய கணக்கில் நேராகச் செலுத்தப்பட்ட மாத்திரத்தாலேயே அது அவனுக்கு லாபமாகிவிடாது என்ற உண்மை இதனால் தெளிவாகிறது. மானியத்தோடு கூடவே கொள்முதல் கிரயத்தையும் உறுதி செய்யாவிட்டால், ஒரு பக்கத்தில் வார்த்த நீர் மறுபக்கத்தில் வடிந்துவிடும்.

பாலுக்குக் கொடுக்காமல் மாட்டுக்குக் கொடுப்பது மற்றொரு முறை. மாடு வாங்குவதற்குக் கடன் கொடுத்து, அக்கடனில் ஒரு பகுதியைச் சர்க்கார் தள்ளிக் கொடுப்பது இதன் தன்மை. 1978-ம் வருஷத்தில் சில பகுதிகளில் தொடங்கி 1980 அக்டோபர் முதல் இந்தியா முழுவதும் நடைபெற்ற ஒருங்கிணைந்த கிராம அபிவிருத்தித் திட்டத்தில், சிறு விவசாயிக்கு மாட்டின் கிரயத்தில் நூற்றுக்கு 25 பங்கும், குறு விவசாயிக்கும் விவசாயக் கூலிக்கும் 33⅓ பங்கும், மலைஜாதியாருக்கு 50 பங்கும் மானியமாகக் கிடைத்தன. ஏழைகளுக்குச் சொத்து ஒன்றைத் தேடித்தர வேண்டுமென்ற நல்லெண்ணத்தோடு ஏற்பட்ட திட்டம் அது. ஆயினும், சந்தைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்கு அதன் பலவீனம் எளிதில் விளங்கியிருக்கும். ஒரே வாரத்தில் ஐம்பது பேர் மானியக் கடன் சீட்டுகளுடன் சந்தையில் வந்து நிற்கிறார்கள். விற்பனைக்கு வந்திருக்கும் நல்ல கறவைகளோ பத்துப் பன்னிரண்டு. துண்டை மேலே போட்டு விரல் பிடித்து விலை பேசும் தரகர்களுக்கு, சீட்டில் எழுதியுள்ள தொகை எவ்வளவு என்பது முன்னமே தெரியும். மாட்டின் விலை அத்தொகைக்கு ஏறி நின்றுவிடும். மானியம் மாடு விற்றவனுக்கும் தரகனுக்கும் போய்ச் சேர, வாங்கினவனுக்குக் கடன் மாத்திரம் மிஞ்சும். ஒரே எருமை பல பெயர்களில் பல தடவை வாங்கப்பட்டதாகக் கணக்கில் எழுதப்பட்ட சங்கதிகளும் அந்நாட்களில் பல ஜில்லாக்களில் வெளிவந்தன.

தமிழ்நாட்டில் 2011-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் தொடங்கப்பட்ட இலவசக் கறவை மாடு வழங்கும் திட்டத்தில், வருஷத்துக்கு 12,000 வீதம் ஐந்து வருஷங்களுக்கு 60,000 பசுக்கள் கிராமத்து ஏழைப் பெண்களுக்கு அளிக்க ஏற்பாடாயிற்று. அப்பசுக்களை வெளி இராஜ்யங்களிலிருந்தே வாங்கவேண்டும் என்று வகுத்தது புத்தியுள்ள செயல். உள்ளூர்ச் சந்தையில் மாட்டு விலை ஏறாமலிருக்கவும், ஒரே மாடு பக்கத்து ஊருக்கும் பக்கத்து ஊருக்குமாகச் சுற்றி வராமலிருக்கவும் அது உதவியது. ஆனால் மாட்டைக் கொடுப்பது ஒரு நாள் காரியம். அதற்குத் தீவனம் போடுவது முந்நூற்று அறுபத்தைந்து நாள் காரியம். அரைக்காணி புல்நிலமும் இல்லாத வீட்டில் கலப்பினப் பசு வந்து நின்றால், பருத்திக்கொட்டைக்கும் புண்ணாக்குக்கும் கடையில் கடன் ஏறுமே தவிர வேறில்லை.

பால் மானியத்தை மிகப் பெரிய அளவில் நடத்திப் பார்த்துப் பாடம் கற்றவர்கள் ஐரோப்பியர்கள். 1968-ம் வருஷம் முதல் ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டத்து நாடுகள் பாலுக்குப் பொதுவான கிரயக் காப்பு ஒன்றை ஏற்படுத்தின. சந்தையில் வெண்ணெய்க்கும் கொழுப்பெடுத்த பால்பொடிக்கும் குறித்த விலை கிடைக்காவிட்டால், அவற்றைச் சர்க்கார் ஸ்தாபனங்களே அவ்விலைக்கு வாங்கிக் கிடங்கில் வைக்கும். விலைக்கு இவ்வளவு பலமான உத்தரவாதம் இருக்கும்போது, எந்தக் குடியானவன்தான் இன்னொரு பசுவைக் கட்டமாட்டான்? அவர்களும் கட்டினார்கள். பால் பெருகிற்று, வாங்குவோர் பெருகவில்லை. கிடங்குகளில் வெண்ணெய் மலைபோல் குவிந்தது. 1973-ம் வருஷத்திலேயே சுமார் 2 லக்ஷம் டன் வெண்ணெய் சோவியத் ரஷ்யாவுக்கு அடிமாட்டு விலைக்கு விற்கப்பட்டது. ஐரோப்பாவில் வரி கொடுத்தவன் தன் ரொட்டிக்கு அதிக விலையில் வெண்ணெய் வாங்க, ரஷ்யாவில் உள்ளவன் அதையே மலிவாகத் தின்றான். 1980-களின் நடுவில் அக்கிடங்குகளிலிருந்த வெண்ணெய் 10 லக்ஷம் டன்னுக்கு மேற்பட்டது.

இதற்குப் பரிகாரமாக 1984-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் ஒவ்வொரு பண்ணைக்கும் இவ்வளவு பால்தான் விற்கலாம் என்று அளவு வகுத்தார்கள். மீறினால் அபராதத் தீர்வை. இவ்வேற்பாடு 2015 மார்ச் 31 வரையில் 31 வருஷங்கள் நிலைத்திருந்தது. இதில் விளைந்த விபரீதம் ஒன்று உண்டு. பால் விற்கும் உரிமை அளவுபட்டுவிட்டதால், அவ்வுரிமையே விலைப்பொருளாகிவிட்டது. பல நாடுகளில் பண்ணையை விட்டு விலகிய கிழவர் தம் பங்கை விற்றோ, குத்தகைக்கு விட்டோ பணம் பெற்றார்; புதிதாகப் பண்ணை வைக்க வந்த வாலிபன் மாட்டையும் நிலத்தையும் வாங்குவதோடு உரிமைச் சீட்டையும் வாங்கவேண்டியதாயிற்று. கானடா தேசத்தில் இத்தகைய அளவுமுறை இன்றும் நடக்கிறது. அங்கே ஒண்டேரியோ மாகாணத்தில், நாளொன்றுக்கு ஒரு கிலோ வெண்ணெய்க் கொழுப்பு உற்பத்தி செய்யும் உரிமைக்கு 24,000 டாலருக்கு மேல் விலை போகக்கூடாது என்று உச்சவரம்பு கட்டியிருக்கிறார்கள். ஒரு பசு ஏறக்குறைய அவ்வளவுதான் தரும். ஆகவே, பசுவின் விலையைப் போலப் பன்மடங்கு, அப்பசுவின் பாலை விற்பதற்குரிய காகிதத்தின் விலை ஆகிவிட்டது. பால் கறப்பவனுக்கென்று ஏற்பட்ட சலுகை, முதலில் அதைப் பெற்றவனுடைய சொத்தாக மாறி, பின்னால் வருபவனுக்குக் கடனாக முடிந்தது.

அளவுமுறை நீங்கியபின் ஐரோப்பாவில் நடந்ததும் கேட்கத் தக்கதே. 2014 ஆகஸ்டு மாதத்தில் ரஷ்யா ஐரோப்பியப் பால்பொருள்களை வாங்க மறுத்துவிட்டது. அடுத்த வருஷம் அளவுக்கட்டும் எடுபட்டது. பால் மறுபடியும் பெருகிக் கிரயம் சரிந்தது. கொழுப்பெடுத்த பால்பொடி சுமார் 3½ லக்ஷம் டன் கிடங்குக்குள் போயிற்று. 2016-ம் வருஷத்தில் 15 கோடி யூரோ ஒதுக்கி, முந்திய வருஷத்தைவிடக் குறைவாகப் பால் ஊற்றுகிறவர்களுக்கு, குறைத்த கிலோ ஒன்றுக்கு 14 சென்ட் வீதம் கொடுத்தார்கள். பால் கறப்பதற்குப் பணம் கொடுத்தவர்கள், கறவாமலிருப்பதற்குப் பணம் கொடுக்கும்படி நேர்ந்தது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் இதே கதைதான், சற்று முந்தி நடந்தது. 1977-ம் வருஷத்துச் சட்டத்தால் பாலுக்குக் காப்புவிலையை உயர்த்தியதன் பலனாக, சர்க்கார் வாங்கிய பாற்கட்டி பூமிக்கடியிலுள்ள சுண்ணாம்புப் பாறைக் குகைகளில்கூடச் சேமித்து வைக்கப்பட்டது. 1981 டிசம்பரில் அதில் 3 கோடி பவுண்டை ஏழைகளுக்கு இனாமாக வழங்க ஜனாதிபதி ரீகன் உத்தரவிட்டார். 1984-ல் பாலைக் குறைத்துக்கொள்கிறவர்களுக்கு நூறு பவுண்டுக்கு 10 டாலர் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் திருப்தியில்லாமல் 1986-87-ல் மந்தைகளையே விலை கொடுத்து ஒழிக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சுமார் 14,000 பண்ணைக்காரர்கள் தங்கள் மாடுகளையெல்லாம் கசாப்புக்கோ ஏற்றுமதிக்கோ அனுப்பிவிட்டு, ஐந்து வருஷம் பால் தொழிலில் இறங்குவதில்லை என்று எழுதிக்கொடுத்துப் பணம் பெற்றார்கள். அவ்வாறு விலக்கப்பட்ட பசுக்கள் திரும்பக் கறவைக்கு வராதபடி அவற்றின் கன்னத்தில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் குறி போட வேண்டுமென்று விதித்தார்கள். நியாயஸ்தலம் தலையிட்டு அக்கொடுமையைத் தடுத்தது. அத்தனை மாடுகளும் ஒரே காலத்தில் கசாப்புக்கு வந்ததால் மாட்டிறைச்சி விலை சரிந்து, இறைச்சி மாடு வளர்ப்பவர்கள் வழக்காடினார்கள்.

இவ்வனுபவங்களுக்குப் பிறகு அமெரிக்கர் கண்ட முறை சற்று நிதானமானது. 2018-ம் வருஷத்துச் சட்டப்படி, பாலின் கிரயத்துக்கும் தீவனச் செலவுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குறித்த அளவுக்குக் கீழே போனால்தான் சர்க்கார் பணம் கொடுப்பார்கள். அதற்காகக் குடியானவனும் ஒரு சிறு பிரீமியம் கட்டவேண்டும். 2025 வரையில் வருஷத்தில் முதல் 50 லக்ஷம் பவுண்டு பாலுக்கு நல்ல காப்பு இருந்தது. அதற்கு மேற்பட்டதற்குக் காப்பு மிகக் குறைவு. 50 லக்ஷம் பவுண்டு என்றால் நாளொன்றுக்கு 6,200 கிலோ ஆகிறது. அத்தேசத்தில் சிறிய பண்ணை என்பது இந்தியாவில் ஒரு தாலூகாவின் பல சங்கங்களுக்குச் சமானம் போலும்! அளவு எப்படியிருப்பினும், தீவனச் செலவைக் கணக்கில் எடுப்பதும், பெரியவருக்கும் சிறியவருக்கும் வித்தியாசம் காட்டுவதுமாகிய இரண்டும் பின்பற்றத் தக்கவை. 1984-ல் நியூஜிலாந்து செய்தது போல விவசாய மானியங்களை ஏறக்குறைய முழுதும் நிறுத்திவிடலாம் என்று சொல்வோரும் உண்டு. ஏற்றுமதிக்காகவே விசாலமான புல்வெளியில் மந்தைகளை மேய்க்கும் தேசத்தின் வழி, ஒரு பசு இரண்டு பசு வைத்துப் பிழைக்கும் கிராமங்களுக்கு ஒத்துவராது.

ஐரோப்பாவில் குவிந்த மிச்சத்தில் ஒரு பகுதி இந்தியாவுக்கு வந்ததையும், இங்கே அது உபயோகமான விதத்தையும் இவ்விடத்தில் நினைத்தல் தகும். 1970-ல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தின் முதற்கட்டத்துக்கு, உலக உணவுத் திட்டத்தின் மூலமாக 1,26,000 டன் கொழுப்பெடுத்த பால்பொடியும் 42,000 டன் வெண்ணெயெண்ணெயும் இனாமாகக் கிடைத்தன. இனாமாக வந்ததை இனாமாகவே கொடுத்திருந்தால், அல்லது மலிவு விலைக்குத் தள்ளியிருந்தால், பம்பாய், டில்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலும் நாட்டுப் பாலை வாங்குவார் இல்லாமல் போயிருப்பார்கள். ஆனந்தில் கூட்டுறவு முறையை வளர்த்த டாக்டர் குரியன் முதலானோர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. பொடியைக் கரைத்துப் பாலாக்கி நகரங்களில் கிரயத்துக்கே விற்று, வந்த பணத்தைக் குளிரூட்டு நிலையங்களிலும், பால் லாரிகளிலும், தீவன ஆலைகளிலும், கிராமச் சங்கங்களிலும் முதலாகப் போட்டார்கள். அந்நிய தேசத்து மிச்சத்தை நம்பிய திட்டம் என்று அந்நாளில் கண்டனம் செய்தவர்களும் இருந்தனர். அக்கண்டனத்தில் சாரமில்லை என்று சொல்வதற்கில்லை. எனினும், ஒரு தடவை வந்த தானத்தைச் செலவழித்துவிடாமல், தினந்தோறும் காலையிலும் மாலையிலும் பாலை வாங்கும் ஸ்தாபனங்களாக மாற்றியது பெரிய காரியம். லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்று கொடுப்பது அன்றன்றைக்குச் செலவாகிவிடும். குளிரூட்டு நிலையம் நிலைத்து நிற்கும். மாலைப் பால் கெட்டுப்போகாமல் காப்பாற்றும்.

இனித் தென்னாட்டு நிலைமையைக் கவனிக்கலாம். கர்நாடகத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பால் ஊற்றுவோருக்கு 2008-ல் லிட்டருக்கு 2 ரூபாய் ஊக்கத்தொகை ஏற்பட்டு, 2013-ல் 4 ரூபாயாகவும், 2016-ல் 5 ரூபாயாகவும் உயர்ந்தது. தமிழ்நாட்டில் 2021 மே மாதத்தில் ஆவின் பாலின் விற்பனை விலை லிட்டருக்கு 3 ரூபாய் குறைக்கப்பட்டது. அந்த உதவி பால் குடிப்பவருக்குப் போயிற்று. 2022 நவம்பரில் கொள்முதல் கிரயம் பசும்பாலுக்கு 35 ரூபாயாகவும் எருமைப் பாலுக்கு 44 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. 2023 டிசம்பர் 18 முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்ந்து, பசும்பாலுக்கு 38 ரூபாயும் எருமைப் பாலுக்கு 47 ரூபாயும் கிடைக்கும்படி ஆயிற்று.

பாலுக்கு உதவி செய்வதானால், சங்கத்தில் அளந்து, கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்து ஊற்றிய லிட்டருக்குச் செய்வதே மேலான முறை என்பது மேற்கண்ட விசாரணையால் பெறப்படும். மாட்டுக்குக் கொடுத்தால் சந்தையில் கரையும். கிடங்கு விலைக்குக் கொடுத்தால் வெண்ணெயாக உறையும். உரிமைச் சீட்டாகக் கொடுத்தால் சொத்தாக மாறும். லிட்டருக்குக் கொடுத்தது மாத்திரமே அன்றைக்குக் கறந்தவனிடம் போய்ச்சேர வழியுண்டு. ஆயினும் அதற்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும்.

முதலாவது, ஊக்கத்தொகை வேறு, கிரயம் வேறு என்று எழுத்திலும் கணக்கிலும் பிரிந்திருக்க வேண்டும். பால் பட்டுவாடாச் சீட்டில் கிரயம் ஒரு பத்தியிலும், ஊக்கத்தொகை மறுபத்தியிலும் தனித்தனியே காட்டப்பட்டால், ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கியதா என்பது எழுத்தறியாதவரும் பிறரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடியதாகும். இரண்டையும் சேர்த்து 38 ரூபாய் என்று ஒரே எண்ணாகச் சொல்லும் வழக்கம் பரவிவிட்டால், தீவன விலை ஏறுகையில் கிரயத்தை உயர்த்த வேண்டிய பொறுப்பு மறந்துபோகும். புண்ணாக்கு விலையும் தவிட்டு விலையும் ஏறும்போது, ஊக்கத்தொகை கொடுக்கிறோமே என்பது அதற்கு விடையாகாது.

இரண்டாவது, குறித்த நாளில் பட்டுவாடா ஆகவேண்டும். இதைச் சிறிய விஷயமாக எண்ணுவது பட்டணத்திலுள்ளவர்களுக்கே இயலும். பால் பணம் என்பது கிராமத்துப் பெண்களுக்கு மளிகைக் கடைக்கும் தீவனக் கடைக்கும் உரிய பணம். அது நெல் விற்ற பணத்தைப் போல ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவதன்று. ஊக்கத்தொகை மூன்று மாதம் தாமதித்து வருமானால், அந்த மூன்று மாதமும் தீவனக் கடையில் வட்டி ஏறுகிறது. தாமதிக்கும் 3 ரூபாயைவிடத் தவறாமல் வரும் 2 ரூபாய் குடியானவனுக்கு அதிக உபகாரம் செய்யும். சொல்லிய தேதியில் பணம் வராத ஊர்களில், கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு வாசலுக்கே வரும் தனி வியாபாரிக்குக் குறைந்த விலையில் பால் போய்விடுவதற்குக் குடியானவர்களைக் குறைகூறிப் பயனில்லை.

மூன்றாவதைப் பற்றி இப்பத்திரிகையை வாசிக்கும் நிலச்சுவான்தார்களில் சிலருக்கு மாறுபட்ட அபிப்பிராயம் இருக்கலாம். லிட்டருக்கு ஒரே வீதமாகக் கொடுக்கும்போது, நாளொன்றுக்கு 6 லிட்டர் ஊற்றும் பெண்ணுக்கு முப்பது நாளில் 540 ரூபாயும், 80 லிட்டர் ஊற்றும் பண்ணைக்காரருக்கு 7,200 ரூபாயும் கிடைக்கின்றன. பணம் அதிகம் உள்ள இடத்துக்கே அதிகமாகப் போகிறது. இதற்குப் பதிலாக நாள்தோறும் முதல் 20 லிட்டருக்கு 5 ரூபாயும், அதற்கு மேற்பட்டதற்கு 1 ரூபாயும் வகுத்தால், அப்பெண்ணுக்கு 900 ரூபாயும், பண்ணைக்காரருக்கு 4,800 ரூபாயும் ஆகும். பெரிய பண்ணைக்காரர் இதனால் முற்றும் நஷ்டமடைகிறார் என்று சொல்ல முடியாது. கிணறும் மோட்டாரும் நிலமும் உள்ள அவருக்கு, லிட்டருக்கு 2 ரூபாய் ரொக்கத்தைவிட, கம்பு-நேப்பியர்ப் புல்லின் நல்ல கரணைகளும், வேலிமசால் விதையும், தீவனப்பயிர் நறுக்கும் யந்திரமும், சினை ஊசிக்கு அழைத்தவுடன் வரும் ஆளும் அதிக லாபம் தருவன. கன்று ஈனும் இடைவெளி இரண்டு மாதம் குறைந்தாலே அவர் இழந்ததைவிட அதிகம் பெறுவார். குடும்பத்தில் ஐந்து பெயரில் ஐந்து அங்கத்தினராகச் சேர்ந்து 20 லிட்டர் வரம்பை நூறாக்கிக்கொள்வோரும் இருப்பார்கள் என்று எதிர்வாதம் சொல்லப்படும். இருப்பார்கள்தான், ஆனால் ஐந்து பேர் பெயரில் ஊற்றுவது ஒரே தொழுவத்துப் பால் என்பது சங்கத்தில் பால் அளப்பவருக்குத் தெரியாததன்று.

இங்கேதான் கிராம அதிகாரிகளுக்கும் சங்கத்து நிர்வாகிகளுக்கும் உரிய வேலை வருகிறது. மாட்டின் காதில் போடும் 12 இலக்க வில்லையும், சங்கத்து அங்கத்தினர் பதிவும், பாங்கிக் கணக்கும் ஒன்றோடொன்று ஒத்திருந்தால்தான் பணம் வரும் என்று சர்க்கார் வற்புறுத்துவது மகாராஷ்டிரத்தில் 2024-ல் நடைமுறைக்கு வந்தது. மற்ற இராஜ்யங்களுக்கும் அது வரக்கூடியதே. கள்ளக் கணக்கைத் தடுக்க அது நல்ல கருவி. அக்கருவியே, வில்லை அறுந்து விழுந்த மாட்டுக்காரியையும், சந்தையில் மாற்றி வாங்கிய மாட்டைப் பதிவு செய்யாதவனையும் பட்டியலிலிருந்து தள்ளிவிடும். ஆண்டுக்கு இரண்டு தடவை தடுப்பூசி போட வருகிறபோது, வில்லை இருக்கிறதா, மாடு யார் பெயரில் இருக்கிறது என்பவற்றைச் சரிபார்த்துத் திருத்தினால், ஊருக்கு ஒரு நாள் வேலைதான். ஊக்கத்தொகை பெற்றவர்கள் பெயரும் லிட்டரும் தொகையும் சங்கத்து வாசலில் மாதந்தோறும் ஒட்டப்பட்டால், திருத்த வேண்டியதை ஊராரே எடுத்துச் சொல்வார்கள்.

இதில் எளிதில் கண்ணுக்குப் படாத ஒரு கூட்டம் உண்டு. நிலமுள்ளவர்கள் தம் பசுவையோ கிடாரியையோ ஏழை வீட்டில் வாரத்துக்கு விட்டு வளர்ப்பது பல ஜில்லாக்களில் வழக்கமாயிருக்கிறது. புல்லறுப்பதும், கழுநீர் வைப்பதும், கறப்பதும், விடியுமுன் எழுந்து சங்கத்துக்குப் பால் சுமப்பதும் அந்த வீட்டுப் பெண். பால் அட்டையும் பாங்கிக் கணக்கும் மாட்டுக்காரர் பெயரில். வாரப் பேச்சு பால் கிரயத்தைப் பற்றியதாகவே இருந்து வந்திருக்கிறது. ஊக்கத்தொகை புதிதாக வந்தது. அதற்கு வாரம் பேசியவர் இல்லை. அத்தகைய இடங்களில் நிலச்சுவான்தார்கள் தாங்களாகவே அப்பெண்ணை அங்கத்தினராகச் சேர்த்து, அவள் ஊற்றும் பாலுக்குரிய அட்டையை அவள் பெயரிலேயே எழுதச் செய்து, கிரயத்தில் தமக்குரிய வாரத்தை முன்போல வாங்கிக்கொண்டு, ஊக்கத்தொகையை அவளுக்கு விடலாம். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அங்கத்தினர் பட்டியலைத் திருத்தும்போது இதைச் செய்துகொள்வதற்குச் சர்க்கார் உத்தரவு ஒன்றும் தேவையில்லை.